கழிவு லாரி எங்கே போகிறது?

(மதுராந்தகத்தை அடுத்த கிராமம் ஒன்றில் நடைபெற்ற உழவர் பயிற்சி முகாமில், உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பா நெல்லுக்கு மேலுரம் இடுவது பற்றியோ, நிலக்கடலையில் சுருள்பூச்சியைக் கட்டுப்படுத்துவது பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி என்னுடன் வந்திருக்கும் நண்பர்கள் பிற்பகலில் பேசுவார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது சாப்பாட்டு வேளைக்கு முன்னால் பேசக்கூடாத பொருள். வீட்டு செப்டிக் டேங்க் நிறைந்தால் ஒரு லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. அந்த லாரி எங்கே போகிறது என்பதுதான் பொருள்.

உழவியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நினைக்கலாம். அந்த லாரி பல ஊர்களில் கடைசியாகப் போய் நிற்கும் இடம் நம்முடைய தோப்பு, நம்முடைய வாய்க்கால், நம்முடைய ஏரி உள்வாய். ஆகவே இது நம் வேலைதான்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கருங்குழிப் பேரூராட்சியில், கழிவுக் கசடு சுத்திகரிப்பு நிலையம் ஒன்று 2017-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது. நாளொன்றுக்கு 23,000 லிட்டர் கசடைச் சுத்திகரிக்கும் அளவில் அது அமைக்கப்பட்டது. சென்னை, மதுரை போன்ற பெருநகரங்களில் உள்ள நிலையங்கள் நாள்தோறும் கோடிக்கணக்கான லிட்டர் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கின்றன. அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது ஒரு மாட்டுக் கொட்டகை அளவுதான். ஆனால் நம் சிற்றூர்களுக்கும் சிறு நகரங்களுக்கும் பொருந்துவது இந்தக் கொட்டகை அளவு நிலையமே. ஏனெனில் இங்கே பெரும்பாலான இடங்களில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் அல்லது குழி இருக்கிறது. அதில் தங்கும் கெட்டியான கசடை லாரிதான் எடுத்துப் போகவேண்டும். 5,000 லிட்டர் பிடிக்கும் லாரியானால், நாளைக்கு நாலைந்து லாரிகளுக்கு அந்த நிலையம் இடம் கொடுக்கும்.

இந்த இடத்தில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில், வேறொரு மாவட்டத்தில், இதுபோன்ற ஒரு முகாமில் வயதான தென்னை விவசாயி ஒருவர் எழுந்து, "சார், செப்டிக் டேங்க் லாரிக்காரர் தோப்பிலே இலவசமாக விடுகிறேன் என்கிறார், விடலாமா?" என்று கேட்டார். நான் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. அங்ககப் பொருள்தானே, தென்னைக்கு நல்லதுதான், மரத்தடியில் குழி எடுத்து விட்டு மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்தது, வண்டி ஏறிவிட்டேன்.

இரண்டு ஆண்டு கழித்து மண் மாதிரி எடுப்பதற்காக அதே ஊருக்குப் போனேன். மரங்கள் பச்சைப் பசேலென்று இருந்தன. பெரியவர் வீட்டுக் கிணற்றிலிருந்து மட்டும் குடிக்கத் தண்ணீர் எடுப்பதில்லை, தெருக்குழாய்க்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு புட்டியில் தண்ணீர் எடுத்து வந்து சோதித்தோம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தக் கிணற்றில் அது இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. தோப்பில் மட்டை பொறுக்க வந்த பெண்களும் வேலைக்கு வர மறுத்துவிட்டார்கள். வெறுங்காலில் நடந்தால் அரிப்பு எடுக்கிறது என்றார்களாம். பெரியவர் என்மேல் கோபப்படவில்லை. "நல்ல சரக்கா இருந்தா பகல்லயே கொண்டாந்திருப்பான் இல்ல சார்? ராத்திரி பதினோரு மணிக்கு விளக்க அணைச்சிட்டு வந்தப்பவே எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். அவருக்குத் தோன்றியிருக்க வேண்டியதில்லை. அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அன்று நான் போடாத கணக்கை இன்று உங்கள் முன்னால் போடுகிறேன்.

செப்டிக் டேங்க் கசடு டேங்குக்கு டேங்க் வேறுபடும். சில டேங்குகளில் கூழாக இருக்கும், சிலவற்றில் வெறும் கலங்கல் நீராக இருக்கும். நடுத்தரமான கசடில் லிட்டருக்குச் சுமார் 0.7 கிராம் தழைச்சத்து என்று வைத்துக்கொள்வோம். 5,000 லிட்டர் லாரியில் மூன்றரைக் கிலோ தழைச்சத்து. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து இருக்கிறது. அப்படியானால் ஒரு லாரிக் கழிவு ஏறத்தாழ எட்டுக் கிலோ யூரியாவுக்குச் சமம். இன்றைய மானிய விலையில் ஐம்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ மியூரேட் ஆப் பொட்டாஷ், இவற்றுடன் 50 கிலோ தொழு உரம் என்பது பரிந்துரை. ஒரு லாரிக் கழிவு ஆறு மரத்துக்குத் தழைச்சத்து கொடுக்கும். தென்னைக்கு முக்கியமாக வேண்டிய சாம்பல் சத்து அதில் மிகவும் குறைவு.

ஐம்பது ரூபாய் யூரியாவுக்காக அந்தப் பெரியவர் ஒரு கிணற்றைக் கொடுத்தார். இந்தக் கணக்கைப் போட எனக்கு ஐந்து நிமிடம் பிடித்திருக்கும்.

பச்சைக் கசடில் உள்ள இன்னொரு பொருள் புழு முட்டை. குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். தென்னந்தோப்பு என்றாலே ஈரமும் நிழலும்தானே? கொக்கிப்புழுவின் முட்டை மண்ணில் பொரித்து, அதன் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும். அந்தப் பெண்களின் காலில் எடுத்த அரிப்புக்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்று பிறகு எனக்குப் பட்டது. உள்ளே போன புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். சோகை பிடித்த உடம்போடு நாற்று நட வருபவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்பதை நீங்களே அறிவீர்கள்.

"கழிவை உரமாக்குவது நம் முன்னோர் வழிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். அதற்குச் சான்று இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் விழுந்த நீர் பயிருக்கு உரம் என்பதை அந்த ஊரார் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்தப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டுக்குப் போய், கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டுப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே, அதே பிளேஸ் துரைதான். இன்று வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சார் என்னும் உலக நீர்நிலைப் பட்டியலில் இருக்கின்றன, 2022-இல் சேர்க்கப்பட்டன. ஆனால் அதற்கு அடிப்படை போட்டவர்கள், உரக் கணக்குத் தெரிந்த உழவர்கள்.

பறவை எச்சம் ஏரி முழுவதும் சிறுகச் சிறுக விழுகிறது. பரந்த நீரில் கரைந்து, வெயிலும் காற்றும் பட்டு, மதகு வழியாக மெல்ல வயலுக்கு வருகிறது. மனிதக் குடலின் உருளைப்புழுவும் கொக்கிப்புழுவும் அதில் இல்லை. லாரிக் கழிவு அப்படியன்று. ஐயாயிரம் லிட்டரும் பத்து நிமிடத்தில் ஒரே இடத்தில் கொட்டப்படுகிறது. சாதாரணச் சாக்கடை நீரைப்போல் பத்து மடங்குக்கும் மேல் அடர்த்தியுள்ள சரக்கு அது.

அந்த அடர்த்தி ஏரிக்கு என்ன செய்யும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. குறைந்த மதிப்பாக, ஒரு லிட்டர் கசடுக்கு 3 கிராம் பிராணவாயு என்று கொள்வோம். ஒரு லாரிக்கு 15 கிலோ. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் ஏரி நீரில் ஏழரை மில்லிகிராம் அளவுதான் பிராணவாயு கரைந்திருக்கும். வகுத்துப் பார்த்தால், ஒரு லாரிக் கழிவு 20 லட்சம் லிட்டர் ஏரி நீரின் பிராணவாயு முழுவதையும் தீர்த்துவிடும். ஓர் ஏக்கர் பரப்பில் ஒன்றரை அடிக்கு மேல் நிற்கும் நீர் அவ்வளவு. காற்றிலிருந்து மீண்டும் கரையும் என்பது உண்மைதான். ஆனால் கோடையில், நீர் குட்டையாகக் குறுகிக் கிடக்கும்போது, அதற்குள் மீன் மிதந்துவிடும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி ஏரிகள் தனித்தனியாக இல்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே நீர் இறங்கிக் கீழ் ஏரிக்கு வரும். கிளியாற்று நீர் மதுராந்தகம் ஏரிக்கு வருகிறது; மிகுநீர் திரும்பவும் கிளியாற்றில் இறங்கிப் பாலாற்றுக்குப் போகிறது. மேலே ஒரு வரத்துக்காலில் இரவில் கொட்டியது ஐப்பசி மழையில் அடித்துக்கொண்டு வந்து, எங்கோ கீழே ஒருவருடைய நாற்றங்காலில் நிற்கும். கொட்டியவரும் தெரியாது, கொட்டச் சொன்னவரும் தெரியாது. பாலாற்று மணலில் கிணறு தோண்டிக் குடிநீர் எடுக்கும் ஊர்களும் அந்த வழியில் இருக்கின்றன.

இனி நிலையத்துக்கு வருவோம். இத்தகைய சிறு நிலையங்களின் அமைப்பு ஊருக்கு ஊர் சற்று மாறும். அடிப்படை ஒன்றுதான். லாரி முதலில் கம்பி வலை வைத்த தொட்டியில் கழிவை விடும். துணி, பிளாஸ்டிக் முதலியவை அங்கே தங்கிவிடும். பிறகு கசடு உலர்களத்துக்குப் போகும். உலர்களம் என்பது அடியில் சல்லியும் மேலே மணலும் பரப்பிய சிமெண்டுத் தொட்டி. அதில் ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்துக்குக் கசடைப் பரப்புவார்கள். நீர் மணல் வழியே வடிந்துவிடும். மேலே தங்கியது வெயிலில் காயும். நல்ல கோடையில் பத்துப் பதினைந்து நாளில் வெடித்த ஏரி மண்ணைப்போல் பாளம் பாளமாக ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழையில்தான் தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கூரையில்லாத உலர்களம் காயவே காயாது. நிலையத்தைப் பார்க்கப் போனால், கூரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வடிந்த நீர் மூடிய தொட்டிகளில், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களால் சுத்தப்படுத்தப்படும். பிறகு சல்லிப் படுகையில் நட்ட கல்வாழை அல்லது நாணலின் வேர்களுக்கிடையே ஊர்ந்து, கடைசியில் ஒரு குட்டையில் வெயில்பட்டு நிற்கும். இவ்வளவுதான் இயந்திரம். பெரிய மோட்டார் இல்லை, மின்கட்டணம் குறைவு. ஆனால் அந்த நுண்ணுயிர்கள் நம் வீட்டு மாடு போன்றவை. நாள்தோறும் தீனி வேண்டும். ஒரு வாரம் லாரி வராமல் இருந்து, பிறகு ஒரே நாளில் பத்து லாரி வந்தால் நிலையம் செரிமானம் கெட்டுப் படுத்துவிடும்.

சுத்திகரித்த நீர் எங்கள் வயலுக்குக் கிடைக்குமா என்று பல ஊர்களில் உழவர்கள் ஆவலோடு கேட்கிறார்கள். வாய்க்கால் வெட்டித் தருவார்கள் என்றுகூட நினைக்கிறார்கள். ஏமாறக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஓர் ஏக்கர் பயிருக்கு ஒரு நாளைக்கு 5 மி.மீ. நீர் வேண்டுமானால் அது 20,000 லிட்டர். கருங்குழி அளவுள்ள நிலையம் முழுத் திறனில் ஓடினாலும் வெளிவருவது 23,000 லிட்டருக்குள்தான். ஓர் ஏக்கர் பயிர், அவ்வளவே. நிலையத்து வளாகத்திலுள்ள மரங்களுக்கும் தீவனப்புல்லுக்கும் அது சரியாகிவிடும். சாக்கடை நீர் முழுவதையும் சுத்திகரிக்கும் நகராட்சி நிலையங்களின் கதை வேறு. அங்கே நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு நீர் வரும்; யூரியாவைக் குறைப்பது, உப்பைக் கவனிப்பது என்று பேசவேண்டியவை நிறைய உண்டு. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

ஆகவே இந்தச் சிறு நிலையத்தால் உழவருக்கு வரும் ஆதாயம் அங்கிருந்து வெளியே வருவதில் அதிகம் இல்லை. ஏரிக்கு வராமல் நிற்பதில்தான் இருக்கிறது. நாலு லாரி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,200 லாரி. லாரிக்கு 50 முதல் 100 கிலோ திடப்பொருள் என்றால், நடுவாக வைத்தாலும் 90 டன். இது ஆண்டுதோறும் ஏதோ ஒரு தோப்பிலோ வாய்க்காலிலோ ஏரியிலோ சேராமல் நிற்கிறது.

நிற்கவேண்டுமானால் லாரி நிலையத்துக்கு வரவேண்டும். நம்மிடம் கேட்கவேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. லாரிக்காரர் ஏழை, கூலிக்கு ஓட்டுபவர். நிலையம் பத்துக் கல் தள்ளி இருக்கிறது. டீசல் செலவு இருக்கிறது. வழியிலேயே ஒரு தோப்புக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இங்கேயே விடப்பா" என்றால் அவர் ஏன் பத்துக் கல் போவார்? 2014-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட செப்டிக் டேங்க் கசடு மேலாண்மை நெறிமுறைகளின்படி, லாரிகள் உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெறவேண்டும். குறித்த இடத்தில் மட்டுமே கழிவை இறக்கவேண்டும். விதி இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்து வைக்கும் தோப்பு ஒன்று இருக்கும்வரை விதிக்கு வேலை இல்லை. அதிகாரிகளைக் குறை சொல்வதற்கு முன்னால் நம் தோப்புக் கதவைப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

அதே நேரத்தில் பேரூராட்சியிடம் கேட்கவேண்டியதையும் கேட்டாகவேண்டும். உங்கள் ஊரில் ஓடும் லாரிகள் எத்தனை, அவற்றுக்கு உரிமம் உண்டா, நேற்று நிலையத்தில் எத்தனை லாரி இறக்கினார்கள் என்று கேளுங்கள். நிலையத்தில் ஒரு பதிவேடு இருக்கவேண்டும். ஊரிலிருந்து புறப்பட்ட லாரி ஐந்து, பதிவேட்டில் இரண்டு என்றால் மீதி மூன்று எங்கே போயின என்று யோசித்துப் பார்க்கலாம். வெளியேறும் நீரின் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவுப்படி, கழிவுநீரின் பிராணவாயுத் தேவை, ஏரி ஆறுகளில் விடுவதற்கு லிட்டருக்கு 30 மில்லிகிராமும், பாசனத்துக்கு நிலத்தில் விடுவதற்கு 100 மில்லிகிராமும் தாண்டக்கூடாது.

உலர்ந்த கசடைப் பற்றி எல்லோரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்துவிட்டதாலேயே அது உரமாகிவிடாது. உருளைப்புழு முட்டை காய்ந்த பாளத்திலும் இருக்கும். நம் நாட்டு வெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் ஈரம் படாமல் சேமித்து வைப்பது ஒரு வழி. இலை தழை, காய்கறிக் கழிவுடன் சேர்த்துக் குவித்துக் கம்போஸ்ட் ஆக்குவது இன்னொரு வழி. குவியலின் உட்புறம் 50 டிகிரி வெப்பத்துக்கு மேல் ஒரு வாரமாவது இருக்கவேண்டும். வெளிப்புறம் உள்ளே போகும்படி கிளறிவிடவேண்டும். குவியலுக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால், கையால் பிடிக்க முடியாதபடி சுடவேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் வேலை நடக்கவில்லை என்று பொருள்.

நன்றாக மட்கிய கசடு உரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் தழைச்சத்து இருக்கும். ஏக்கருக்கு இரண்டு டன் இட்டால் 40 கிலோ. முதல் பருவத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குக் கிட்டும். அந்தப் பருவத்தில் யூரியாவில் அரை மூட்டை குறைக்கலாம். அதற்கு மேல் குறைக்கவேண்டாம். மணிச்சத்து ஓரளவு கிடைக்கும். சாம்பல் சத்து நீரோடு வடிந்துவிடுவதால், பொட்டாஷைச் சிறிதும் குறைக்கக்கூடாது. கரும்பு, தென்னை, சவுக்கு இவற்றுக்கு அடியுரமாக இட்டு மண்ணோடு கலந்துவிடலாம். நெல்லுக்குக் கடைசி உழவுக்கு முன்னால் இடலாம். கீரை, வெள்ளரி, தக்காளி வேண்டாம். நிலக்கடலைக் காய் மண்ணுக்குள் இருப்பதால் அதுவும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் தர்ப்பூசணி நிறையப் போடுகிறீர்கள். காய் தரையில் கிடக்கும் பயிர், அறுத்து அப்படியே தின்னும் பழம். அதற்கு இந்த உரம் வேண்டவே வேண்டாம். இடும்போது காலில் செருப்பும் கையில் உறையும் இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன்னால் உரத்தின் சோதனைச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் கிலோவுக்குக் காரீயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக்கூடாது. வீட்டுக் கசடில் இவை அதிகம் வராது. பட்டறைக் கழிவோ, தொழிற்சாலைக் கழிவோ அதே லாரியில் கலந்து வந்தால்தான் ஆபத்து. ஒருமுறை மண்ணில் சேர்ந்த காட்மியத்தை எடுப்பதற்கு எங்களிடம் வழி இல்லை.

இந்த நிலையம் செய்யாத வேலை ஒன்றும் உண்டு. குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் நீர் லாரியில் போவதில்லை. அது தெருச் சாக்கடையில் ஓடி அப்படியே ஏரிக்கு வருகிறது. அளவில் அதுதான் அதிகம். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுவதற்கு, சோப்பும் சாக்கடையும் கொண்டுவரும் மணிச்சத்தும் தழைச்சத்தும் பெரிய காரணம். சாக்கடை ஏரியைத் தொடும் இடத்தில் ஒரு படிவுக் குட்டையும் கல்வாழைப் படுகையும் அமைத்தால் பாதிச் சுமை குறையும். கசடு நிலையம் வந்துவிட்டது, இனி ஏரி சுத்தம் என்று யாராவது மேடையில் பேசினால் அதை நம்பிவிடாதீர்கள்.

உரைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகளில் சில:

ஓர் அம்மையார்: எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் கட்டிப் பதினைந்து வருடம் ஆகிறது. ஒரு தடவைகூட நிறையவில்லை. நல்ல டேங்க்தானே?

விடை: இல்லை அம்மா. அது டேங்க் இல்லை, ஓட்டைக் குழி. சரியாகக் கட்டிய டேங்கில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்கவேண்டி வரும். நிறையவே இல்லை என்றால் அடியில் தளம் இல்லாமல் நிலத்துக்குள் இறங்குகிறது. உங்கள் கிணறு எவ்வளவு தூரம்? (முப்பது அடி இருக்கும் என்றார்.) உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது அறுபது அடி, இடைவெளி வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் அதுவும் போதாது. முதலில் கிணற்று நீரைச் சோதிப்போம். அதுவரை பால்குடிக் குழந்தைக்கு அந்த நீரைக் கொடுக்காதீர்கள். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் சுண்டுவதால் இன்னும் கூடும்.

ஓர் இளைஞர்: டேங்க்கை ஆளை இறக்கிச் சுத்தம் செய்தால் செலவு குறைகிறதே?

விடை: ஒருபோதும் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே இருக்கும் நச்சு வாயு இரண்டு மூச்சில் ஆளைக் கொன்றுவிடும். இந்தக் கேள்விக்கு இதற்குமேல் விடை இல்லை.

ஒரு பெரியவர்: சார், நானும் ரெண்டு வருஷமா தோப்புல விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இப்ப என்ன செய்யறது?

விடை: இன்றோடு நிறுத்திவிடுங்கள் ஐயா. விட்ட குழிகளின்மேல் ஒரு முழம் மண்ணைப் போட்டு மூடி, ஓராண்டுக்கு அங்கே கொத்தவேண்டாம். யாரும் வெறுங்காலில் நடக்கவேண்டாம். ஊடுபயிராகக் காய்கறி எதுவும் போடாதீர்கள். நாளைக் காலையில் கிணற்று மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு வரும் நீரை, அதே நீரில் மூன்று முறை அலசிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் வாய்வரை பிடித்து மூடுங்கள். பெயர், ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், பிடித்த நாள் இவற்றை எழுதி ஒட்டுங்கள். வெயில் படாமல் ஈரத்துணியில் சுற்றி, அன்றைக்கே எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கவேண்டும்.